எடை மாறாத ஆள்

என் வீட்டுக்காரர் உடம்புக்கு ஆகவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரு மெஷின். அது பொய் சொல்கிறது என்று மூன்று மாதம் அதோடு மல்லுக்கு நின்றவள் நான்.

கறம்பக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் சர்க்கரை வியாதிக்காரர்களின் உடம்பு எப்படி மாறுகிறது என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. எடை எவ்வளவு, அதில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று ஒவ்வொருவரையும் மாதம் ஒரு தடவை அளக்க வேண்டும். வீடு வீடாகப் போய் அளப்பது என் வேலை. வெறும் வயிற்றில்தான் அளக்க வேண்டும் என்பதால் கிழக்கு வெளுக்கும்போதே ஸ்கூட்டியில் மெஷினைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதனால் மெஷின் எங்கள் வீட்டிலேயே இருக்கும்.

எடை என்றால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பயம். குறைந்தால் அல்ல, கூடினால். "சத்தமாப் படிக்காதீங்க, கண்ணு பட்டுரும்" என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள். யாரையாவது ரொம்ப நாள் கழித்துப் பார்த்தால் "என்ன இப்புடி எளைச்சுப் போயிட்டீங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அம்மிக்கல் மாதிரி இருக்கிறவரிடமும் அதையேதான் சொல்வார்கள். பாசம் இருக்கிறது என்று காட்ட இதைவிட மலிவான வழி கிடையாது. நானும் ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன், ஒருத்தரையும் பார்த்துச் சொன்னதில்லை.

தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். அதற்கு அளவு தெரிந்த இரும்புக்கல் தர வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு கல்தான் வந்தது. அது இன்னொரு பெண்ணிடம் போய்விட்டது. எனக்கு எங்கள் சூப்பர்வைசர் ஒரு வழி சொன்னார்.

"வீட்ல எடை மாறாத ஆளு யாராச்சும் இருந்தா டெய்லி ஏத்திப் பாத்துக்கங்க மேடம்."

இருந்தார். கல்யாணத்துக்கு எடுத்த சட்டை இருபத்திரண்டு வருஷம் கழித்தும் பட்டன் இழுக்காமல் போடுகிற மனிதர் என் வீட்டுக்காரர். கறம்பக்குடி மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தார். கத்தரிக்காயைக் கையில் அள்ளினாலே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார். காலையில் கைலியை மடித்துக் கட்டி, பனியனோடு மெஷினில் ஏறி நிற்பார். ஏறும்போதே கேட்பார்:

"எவ்வளவு வரணும்?"

"அறுவத்திரெண்டு நானூறு."

வரும். "பாத்தியா, ஒங்க ஆபீசுக்கே நான்தான் எடைக்கல்லு. எனக்கும் ஒரு சம்பளம் போடச் சொல்லு" என்று இறங்குவார். நான் நோட்டில் எண்ணை எழுதி, பக்கத்தில் 'சரி' என்று எழுதுவேன்.

ஆடி மாதம் அறுபத்தொன்று எண்ணூறு காட்டியது. பேட்டரி மாற்றினேன். அடுத்த வாரம் அறுபத்தொன்று இருநூறு. தரை மேடுபள்ளமாக இருக்கிறதோ என்று மெஷினை வராந்தாவுக்குத் தூக்கிப்போய் வைத்தேன். அங்கேயும் அதே எண்தான். அறுபதரைக்கு வந்ததும் ஆபீசுக்கு போன் போட்டு, மெஷின் குறைத்துக் காட்டுகிறது, வேறு கொடுங்கள் என்றேன். 'மெஷின் பழுது' என்று நோட்டிலும் எழுதினேன். புது மெஷின் வந்தது. அது அறுபதுக்கும் கீழே காட்டியது.

எனக்கு வந்த கோபம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு மெஷின் அடுத்தடுத்து ஒரே பக்கம் தப்பாகக் காட்டுமா என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். ஊரில் எத்தனை பேர் எத்தனை கிராம் குறைந்தார்கள் என்று கணக்குச் சொல்ல முடிந்த எனக்கு அது தோன்றவில்லை. விளக்கடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அதுவும் கோளாறு என்று சொன்னதும் சூப்பர்வைசர் போனிலேயே கத்தினார். "ஸ்கூட்டில கொண்டுபோய் எங்கயாச்சும் போட்டு ஒடைச்சிருப்பீங்க. இன்னொரு தடவை மெஷின் ரிப்பேர்னு வந்தா வேற ஆளப் போட்டுக்குறோம்." நான் அடுப்படியில் நின்று அழுததை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரத்திலிருந்து மெஷின் சரியாகிவிட்டது.

அறுபத்திரண்டு முந்நூறு, அறுபத்திரண்டு ஐந்நூறு என்று முன்னே பின்னே வந்தது. நானும் நிம்மதியாக 'சரி', 'சரி' என்று எழுதித் தள்ளினேன். கைலியை மடித்துக் கட்டுகிற மனிதர் அதை இறக்கி விட்டுக்கொண்டு, மேலே முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்ததைப் பார்க்கத்தான் செய்தேன். குளிருக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் புதுக்கோட்டையிலிருந்து அவருடைய அக்கா வந்திருந்தார். வாசலில் தம்பியைப் பார்த்ததுமே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னடா தம்பி இப்புடி எளைச்சுட்ட" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பெண்டாட்டி ஒழுங்காகச் சோறு போடவில்லை என்பதை நாத்தனார்கள் அப்படித்தான் சொல்வார்கள். "நானுந்தான் எளைச்சிருக்கேன் அண்ணி, என்னைய யாரு கேட்டா?" என்று வெடுக்கென்று சொன்னேன். ஆயிரம் பேர் பார்க்காமல் சொல்கிற வார்த்தையை அந்த ஒரு மனுஷி பார்த்துச் சொன்னார், நான் வாயை அடைத்து அனுப்பினேன். அதை என்னால் இன்றைக்கும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை. "எவ்வளவு வரணும்?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார். நிமிர்ந்து நிற்கும்போது கைலிக்குள்ளிருந்து ஏதோ வழுக்கி மெஷின் மேல் விழுந்தது. கண்ணாடி விரிசல் விட்டது. குனிந்து பார்த்தேன். மஞ்சள் துணிப்பை ஒன்று. அதற்குள் இரண்டு கிலோ கல் ஒன்று, ஒரு கிலோ கல் ஒன்று. கடையில் எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு சாக்குப் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்த பழைய இரும்புக் கற்கள். பையை அரைஞாண் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். எப்போதும் இடுப்பில் பதிந்து கிடக்கிற கயிறு, கல்லின் கனத்தில் இடுப்பெலும்பைத் தாண்டி நழுவிக் காலடியில் கிடந்தது. அதைப் பிடித்து நிறுத்த அங்கே சதை இல்லை.

கற்களை எடுத்துத் தரையில் வைத்தேன். மெஷின் ஐம்பத்தொன்பதுக்கும் கீழே காட்டியது. முதன்முதலாக நான் எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தேன். சட்டையைக் கழற்றச் சொன்னேன். தோள்பட்டையில் இரண்டு பக்கமும் குழி.

"ஏங்க இப்புடிப் பண்ணுனீங்க?"

"நீ குளிக்கப் போனப்ப ஏறிப் பாத்தேன். கொறைஞ்சுகிட்டே போச்சு. ஒன் வேலை போயிருமேன்னு கட்டிக்கிட்டேன்."

"உங்க உடம்பு கொறையுதுன்னு தோணலையா?"

"தோணுச்சு. வயசானா எளைக்காமயா இருப்பாக? நீ அளக்குறவ, நீயே மெஷின்தான் கோளாறுங்குற. நான் என்னத்தக் கண்டேன்?"

அவர் குனிந்து கற்களைப் பொறுக்கிப் பையில் போட்டார். "மெஷின் ஒடைஞ்சுபோச்சே, இப்ப என்ன சொல்லுவ?" என்றார். அப்போதும் அவருக்கு அந்தக் கவலைதான்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி, ஈரல் வரைக்கும் பரவியிருக்கிறது என்றார்கள். டாக்டர் வயதில் சின்னவர், பொறுமையாகத்தான் பேசினார். "எப்பலேர்ந்து எடை குறையுதும்மா? உத்தேசமாச் சொன்னாப் போதும்" என்று கேட்டார். உத்தேசம் எதற்கு என்று கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். தேதி வாரியாக, கிராம் சுத்தமாக, என் கையெழுத்தில் எல்லாம் இருந்தது. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். 'மெஷின் பழுது' என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு 'சரி', 'சரி' என்று போட்டிருந்த பக்கங்களுக்குப் போனார். நான் கற்களைப் பற்றிச் சொன்னேன். ஆடியிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஒரேயடியாக அழுது முடித்திருப்பேன்.

மருந்து ஏற்ற முடிவானது. இருபது நாளைக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் முதலில் எடை பார்ப்பார்கள். ஐம்பதுக்குக் கீழே போனால் அவர் உடம்பு மருந்தைத் தாங்காது, நிறுத்திவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து என் வேலை அந்த ஐம்பதைக் காப்பாற்றுவதுதான். முட்டை, பால், கேழ்வரகுக் கூழ் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். உள்ளே போனதில் பாதி வெளியே வந்தது. இரண்டு தடவை மருந்து ஏறியது.

மூன்றாவது தடவைக்குப் போனபோது அவரால் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. நர்ஸ் அம்மா ஆஸ்பத்திரி மெஷினைக் காட்டி, "அய்யா, செருப்பைக் கழட்டிட்டு இங்கிட்டு ஏறுங்க" என்றார். ஏறினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு வரணும்?"

"அம்பது."

எண் ஓடி நின்றது. நாற்பத்தெட்டு. எத்தனையோ வீட்டில் எத்தனையோ எண்ணைக் கூசாமல் வாசித்தவள் நான், அதை என்னால் வாசிக்க முடியவில்லை. கண்ணாடி போடாததால் அவருக்கு எண் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"அந்தக் கல்லைக் கொண்டாந்திருக்கலாம்ல" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

"கொண்டாந்திருக்கேங்க" என்றேன்.

உண்மைதான். கிளம்பும்போது எடுத்துக் கைப்பையில் போட்டிருந்தேன். ஐம்பதுக்குக் கீழே அந்த மருந்து அவரைக் கொல்லும் என்று தெரிந்தேதான் போட்டேன். ஆனால் பயத்தில் கைக்கு வந்ததை எடுத்துவிட்டேன். அது ஒரு கிலோ கல், இரண்டு கிலோ கல் வீட்டிலேயே கிடந்தது.

நர்ஸ் எழுதி முடித்துவிட்டார். நான் குனிந்து அவருடைய செருப்பைக் கால் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.