மேலே ஏறிப் போனவள்

ஜெபகுமார் முதல் தடவை முடியாது என்றுதான் சொன்னார். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர். மலையில் யாராவது தொலைந்துபோனால் தேடிப் போகும் தன்னார்வக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அதில் சேர வந்த முத்துப்பிரியாவைக் கடைக்குள் மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"ஆள் வேணும்தான் தாயி. மேப்பு பாக்கத் தெரிஞ்ச ஆள் எங்ககிட்ட ஒருத்தரும் இல்ல. ஆனா நீ தேடப்போறது உங்க அம்மாவை. அவங்கதான் கிடைச்சிட்டாங்களே."

"கிடைச்சிட்டாங்கண்ணே. ஏன் அங்க கிடைச்சாங்கன்னுதான் தெரியல."

அவளுடைய ஊரான சிலமலையில் அதற்கு ஒரு பதில் இருந்தது.

அவள் அம்மா வேலுத்தாய் குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஏலக்காய் பறிக்கப் போய்வந்தாள். அப்பா காமராஜுக்கு அதே தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில் ஒருநாள், மதியச் சாப்பாட்டின்போது இருவருக்கும் வாய்ச்சண்டை. மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதில் தொடங்கி எங்கெங்கோ போனது. "எங்கிட்டாவது போய்த் தொலை" என்று எல்லாரும் கேட்க அப்பா கத்தினார். அன்று சாயங்காலம் வேலுத்தாய் ஜீப்பில் ஏறவில்லை. நடந்தே இறங்கிக்கொள்கிறேன் என்று ஒற்றையடிப் பாதையில் போனாள். பின்னாலேயே மூடுபனி இறங்கியது. அவள் வீடு வந்து சேரவில்லை.

விடிந்ததும் ஊரே மலையேறியது. யானை நடமாட்டம் இருந்ததால் வெடி கொண்டுபோனார்கள். காமராஜ் எல்லாருக்கும் முன்னால் நடந்தார். அவரே வெடியைக் கொளுத்திப் போட்டார், அவரே பெயரைச் சொல்லிக் கத்தினார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் கிடைத்தாள். பாதையில் இல்லை, பாதைக்குக் கீழேயும் இல்லை. தோட்டத்தைத் தாண்டி, காடு முடிந்து பாறை தொடங்கும் இடத்தில், ஒரு வழுக்குப் பாறையின் அடியில் கிடந்தாள். முந்தின நாள் சாயங்காலம்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

இறங்கப் போனவள் ஏன் ஏறினாள்? மனசு வெறுத்துப் போயிருப்பாள், விழ இடம் தேடிப் போயிருப்பாள் என்று ஊர் முடிவு கட்டியது. காமராஜின் முகத்துக்கு நேராக யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அவர் ஸ்டோர் வேலையை விட்டார். பேச்சையும் ஏறக்குறைய விட்டார்.

முத்துப்பிரியா தேனியில் ஒரு சர்வே அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ரோடு போடுமுன் நிலத்தை அளந்து வரைபடம் போடுவது தொழில். மேடுபள்ளத்தைக் கோடுகளால் காட்டுவார்கள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களையெல்லாம் இணைத்தால் ஒரு கோடு; அடுத்த கோடு அதற்கு இருபது மீட்டர் மேலே. அம்மாவைக் கடைசியாகப் பார்த்த இடத்தையும் கிடைத்த இடத்தையும் அவள் படத்தில் குறித்தாள். நடுவே பதினொரு கோடுகள். வழி தவறியவர்கள் பெரும்பாலும் ஓடையைப் பிடித்துக் கீழே இறங்குவார்கள் என்று படித்திருந்தாள். அம்மா முட்டிவலிக்காரி. வீட்டு மாடிப்படி ஏறவே யோசிப்பாள். பதினொரு கோடுகளை ஏறியிருக்கிறாள்.

மூன்றாம் தடவை போய் நின்றபோது ஜெபகுமார் ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சி. கயிறு கட்டினார்கள், ஸ்ட்ரெச்சர் தூக்கினார்கள், சரிவில் பக்கவாட்டில் நடந்து பழகினார்கள். அடிபட்டவராக நடிப்பது மலைச்சாமியின் சோலி. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு அவருடையது. ஒருநாள் முத்துப்பிரியா அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து இறுக்கிக் கட்டினாள்.

"ஆத்தா, மூச்சு விட எடம் வையி. நான் இன்னும் சாகல."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"நடிக்கிறதுக்கு வந்துட்டு வாய் பேசுனா இன்னும் இறுக்குவேண்ணே" என்றாள் அவள்.

முதலில் சிரித்தது மலைச்சாமிதான். அன்றிலிருந்து குழுவில் யாரும் அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசவில்லை.

அடுத்த கார்த்திகையில், அவள் சேர்ந்தபின் முதல் அழைப்பு வந்தது. கருப்பம்மாள் என்று ஒரு பெண், காய் பறிக்கப் போனவள், முந்தின நாள் சாயங்காலம் ஜீப்புக்குத் திரும்பவில்லை. வேறு தோட்டம்தான், ஆனால் அதே மலை. விடியும்போதே குழு மேலே போய்விட்டது. அடுத்த சரிவில் யானை நிற்கிறது என்று தோட்டத்தில் எச்சரித்தார்கள். ஜெபகுமார் பையில் வெடி இருந்தது.

எங்கே தேடுவது என்று முத்துப்பிரியாதான் பிரித்துக் கொடுத்தாள். ஓடைகள், ஓடை சேரும் பள்ளங்கள், எல்லாம் கீழே. காலையிலிருந்து விசில் ஊதி, வெடி போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு இறங்கினார்கள். ஒவ்வொரு பள்ளத்தையும் எட்டிப் பார்க்குமுன் அவள் ஒரு கணம் நின்றாள். அங்கே கிடப்பது நீல ரவிக்கையாக இருந்துவிடக் கூடாது என்று நினைத்தாள். நீல ரவிக்கை அம்மாவுடையது. ஜெபகுமார் பயந்தது இதைத்தான் என்று தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பள்ளத்துக்குப் போனாள்.

ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று மணிக்கெல்லாம் பனி மூடிவிட்டது. திரும்பச் சொல்லி ஜெபகுமார் சைகை காட்டினார். ரோட்டில் ஜீப்புடன் நின்ற மலைச்சாமி, சிதறிக் கிடந்த ஆட்களைச் சேர்க்க ஹாரன் அடித்தார். தினமும் காய் பறிக்கிறவர்களைக் கூப்பிட அடிக்கிற அதே ஹாரன்தான்: இரண்டு நீட்டு, ஒரு வெட்டு.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அடேய் மலைச்சாமி! நேத்து விட்டுட்டுப் போன மாதிரி இன்னைக்கும் போயிராதடா, பாவி!"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பனிக்குள் ஒன்றும் தெரியவில்லை. மலைச்சாமி கை எடுக்காமல் ஹாரனை அழுத்தினார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, பாறைச் சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து, கருப்பம்மாள் இறங்கி வந்தாள். ஒரு கால் வீங்கியிருந்தது. முத்துப்பிரியா ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள்.

முந்தின நாள் பள்ளத்தில் கால் பிசகி, ஜீப்பைப் பிடிக்க முடியாமல் போயிருக்கிறது. ராத்திரி ஒரு மரத்தடியில் ஒண்டியிருந்திருக்கிறாள்.

"காலையிலேருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டோமே, கேக்கலையாம்மா?" என்றார் ஜெபகுமார்.

"கூப்பாடு கேட்டுச்சு. என்னன்னு வெளங்கல. வெடி போட்டு யானை வெரட்டுனா கத்தத்தானே செய்வாக?"

"வெடி உங்களுக்காகப் போட்டதும்மா."

"எனக்கா?" அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாப் போட்டீக. வெடிச் சத்தத்துக்கு முன்னாலதான யானை ஓடிவரும்? சத்தம் கேட்டா அதுக்கு முதுகைக் காட்டிப் யானை ஏறாத பாறையைப் பாத்து ஏறிறணும், வாயத் தொறக்கக் கூடாது. மலையில சோலி பாக்குற யாரைக் கேட்டாலும் சொல்லுவாக. கீழ வெடி கேட்டுக்கிட்டே இருந்துச்சு, நானும் இந்தக் காலை இழுத்துக்கிட்டு மேல மேல ஏறுனேன். ஹாரன் கேட்டப்பெறகுதான் மனுசன் வந்திருக்கான்னு தெரிஞ்சுச்சு."

மலையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தேடப் போகும்போது மட்டும் அது யாருக்கும் தோன்றவில்லை. யானையை ஒதுக்கவும் ஆச்சு, தொலைந்தவள் காதில் விழவும் ஆச்சு என்றுதான் நினைத்தார்கள்.

ஜீப்பு இறங்கியது. கருப்பம்மாள் தண்ணீரைக் குடித்துவிட்டு மலைச்சாமியைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவளுடைய வீங்கிய கால் முத்துப்பிரியாவின் மடியில் இருந்தது. வளைவுக்கு வளைவு அந்தக் காலை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். அப்பா கொளுத்திய ஒவ்வொரு வெடிக்கும் அம்மா கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறாள். படம் சரியாகப் பொருந்தியது. இவ்வளவு சரியாகப் பொருந்தியிருக்க வேண்டாம்.

போடியில் இறங்கியதும் ஜெபகுமார் அவளைத் தனியே கூப்பிட்டார். அவருக்கும் புரிந்திருந்தது.

"இனிமே வெடி கிடையாது. குழுவுக்கும் தோட்டங்களுக்கும் நானே சொல்லிர்றேன். உங்க அப்பாகிட்ட மட்டும் வேணாம் தாயி. தாங்க மாட்டாரு."

"இப்ப மட்டும் தாங்குறாரா?" என்றாள் அவள். "வெடி ஏன் வேணாம்னு ஊர்ல கேப்பாங்க, நீங்க சொல்லுவீங்க. அப்பா காதுக்கு அது டீக்கடை வழியாப் போகணுமாண்ணே?"

அவள் வீட்டுக்கு வந்தபோது காமராஜ் வாசலில் நின்றிருந்தார்.

"கிடைச்சாளா?"

"உசுரோட கிடைச்சாங்கப்பா."

"எங்க?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. ஓடையில் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போயிருக்கலாம்.

"மேல. பாறைகிட்ட."

"அவ ஏன் மேல போனா?"

முத்துப்பிரியா சொன்னாள். கருப்பம்மாள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல், எதிரே நின்று சொன்னாள். முடிந்தபின் அவர் கேட்டார்.

"அப்ப உங்காத்தா எம்மேல கோவத்துல போகல?"

"இல்லப்பா. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்காங்க."

"எனக்குப் பயந்து ஏறியிருக்கா."

"உங்களுக்கு இல்லப்பா, யானைக்கு."

"வெடி என் கையில இருந்துச்சு, ஆத்தா."

அவள் அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை, கொடுக்கவும் இல்லை.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டது. காமராஜ் பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கியிருந்தார். அந்த ஐப்பசியில் மிஞ்சியவை. ஒவ்வொரு வெடியாக எடுத்து வாளித் தண்ணீரில் முக்கி, முங்கிப் போகும்வரை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் சாம்பல் நிறமாகியிருந்தது.

போன் அடித்தது. ஜெபகுமார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேண்ணே."

"எப்படி இருக்காரு?"

அவள் கொல்லைவாசலில் நின்று பார்த்தாள். பெட்டியில் இன்னும் பாதி இருந்தது.

"தெரியலண்ணே" என்றாள். "நான் இன்னைக்கு லீவு போடுறேன்."

போனை வைத்துவிட்டுப் போய் வாளிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டியை மட்டும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.