பழைய பெட்ஷீட்டில் ஓர் அறை

வீடு கட்டப்போகும் மனையை அளக்க வருகிறவர் நாடாவும் கருவியுமாக வந்து இறங்குவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். இவர் ஒரு மடக்கு ஸ்டூலும் தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாக வருவார். மனையின் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். வெயில் ஏற ஏறக் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். பொழுது சாய்ந்ததும் ஸ்டூலை மடக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அளப்பதெல்லாம் மறுநாள்தான். அதனால் கொத்தனார்கள் அவருக்கு வைத்த பெயர் 'சும்மா சார்'. அவர் காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு வேலை இல்லை என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு நிழல் எதுவரை நீளுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வந்து தொப்பியைத் தூக்குகிறது, யார் வீட்டுச் சமையல் புகை இங்கே இறங்குகிறது, எந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் இந்த மனை முழுக்கத் தெரியும் என்று ஒவ்வொன்றாக மனதில் வாங்கிக்கொள்வார். உச்சி வெயிலில் தெருநாய் தேடிப்போய்ப் படுக்கும் இடத்தை விட்டுவிடவே மாட்டார். படுக்கையறைக்கு அதைவிடக் குளுமையான மூலை கிடைக்காது என்பது அவர் கட்சி. தவிர, காலி மனையில் ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் அக்கம்பக்கத்தாருக்கு இருப்புக் கொள்ளாது. ஒவ்வொருவராக வந்து என்ன, ஏது என்று விசாரித்து, அவர்களுக்குத் தெரிந்த கதையையும் சொல்லிவிட்டுப் போவார்கள். மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக ஓடும், எங்கே தேங்கும் என்பதெல்லாம் அவருக்கு அப்படிக் கிடைத்ததுதான்.

ஒரு சர்வேயருக்கு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கப் போனதுதான் அவர் வேலைக்கு வந்த வழி. பிடித்துக்கொண்டே அளக்கக் கற்றார். சர்வேயரின் அறையில் உட்கார்ந்து அளந்ததை வரையவும் கற்றார். இப்போது ஒரு கட்டட வடிவமைப்பாளரின் அலுவலகத்தில் இருக்கிறார். அந்த அம்மாளை எல்லாரும் மேடம் என்பார்கள். இவருடைய மனைப்படம் மேசைக்கு வரும்வரை மேடம் பென்சிலைத் தொடுவதில்லை. வீட்டில்தான் மரியாதை கொஞ்சம் குறைவு. சும்மா உட்கார்ந்திருக்கச் சம்பளம் வாங்கும் ஆண்பிள்ளையைக் கட்டிக்கொண்டதாக அவர் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவருடைய அக்கா தையல்காரி. வாடகை வீட்டின் உள்ளறையில் மெஷின் போட்டிருந்தாள். அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவரைத் தொடலாம். பகலிலும் குழல் விளக்குதான். அந்த வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு நூல்கண்டையும் துணியையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய், வெளிச்சத்தில் ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு வருவாள். ஐம்பதைத் தாண்டியபின் தெருவில் நின்றும் சந்தேகம் வர ஆரம்பித்தது. வருகிற வாடிக்கையாளர்களில் பாதிப் பேரை வேறு கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளும் அவள் கணவரான மாமாவும் சேர்ந்து, ஒரு தெரு வளைகிற இடத்தில் சின்ன மனை வாங்கினார்கள். வீட்டைப் பற்றி அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. தன் அறையில் நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் இருக்க வேண்டும், நேர் வெயில் துணிமேல் விழக் கூடாது. அந்த வெளிச்சம் அமையாவிட்டால், வெள்ளைத் தலையணை உறை மட்டும் தைத்துக் காலத்தை ஓட்டிவிடுவதாகச் சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அதற்கு வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் வேண்டும். தம்பிக்கு அது தெரியும். மேடமுக்கும் தெரியும்.

ஆனால் ஊரார் மனையில் எல்லாம் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்த மனிதர், அக்காவின் மனையில் உட்காரவில்லை. அலுவலகம் போகும் வழியில் தினமும் பார்க்கிற இடம். அதன் ஒவ்வொரு கல்லும் தனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார். மாமாவும், சொந்த மனையில் போய் வாட்ச்மேன் மாதிரி உட்காரணுமா மச்சான் என்று கேட்டிருந்தார். அளந்த அன்று வானம் மூடிக்கிடந்தது. ஓர் எல்லைக்கல்லின்மேல் திசைகாட்டியை வைத்து வடக்கைக் குறித்தார். எதிர் மூலையிலும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். அங்கே மாமா ஆசையோடு முன்கூட்டியே இறக்கிவைத்த செங்கல் மலைபோல் கிடந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டார்.

மேடம் வரைந்து கொடுத்தார். கொத்தனார் முளை அடித்துக் கயிறு கட்டினார். அஸ்திவாரம் தோண்ட ஆள் சொல்லியாயிற்று. அதற்கு முந்தின நாள் விடிந்ததும் அக்கா கையில் ஒரு மூட்டையோடு மனைக்கு வந்தாள். மூட்டைக்குள் பழைய பெட்ஷீட்டுகள்.

நல்ல துணியில் கத்திரி வைக்குமுன் பழைய துணியில் வெட்டி, உடம்பில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். தன் அறைக்கும் அப்படி ஒரு ட்ரையல் பார்க்க வேண்டும் என்றாள். நான்கு மூலையிலும் கம்பு நட்டு, கயிற்றின் வரிசையிலேயே பெட்ஷீட்டைக் கட்டச் சொன்னாள். ஜன்னல் வரும் இடத்தைத் தம்பியிடம் கேட்டு, அந்த அளவுக்குத் துணியைக் கத்தரித்து எடுத்தாள். மேலே இன்னொரு பெட்ஷீட் கூரையாக ஏறியது. நான்கு கம்புக்கும் சித்தாள்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்ன கொத்தனார், இத்தனை வருஷத்தில் வீட்டுக்குச் சட்டை தைத்துப் பார்க்கிறவர்களை இன்றைக்குத்தான் பார்ப்பதாகச் சொன்னார்.

"சிரிங்க, சிரிங்க. தைச்சப்புறம் இறுக்கிப் பிடிக்குதுன்னா நான் பிரிச்சிடுவேன். நீங்க பிரிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் பிளாஸ்டிக் நாற்காலியோடு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பியை உள்ளே கூப்பிட்டாள். மெஷினுக்கு என்று குறித்த இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இடதுபக்கம், துணி வெட்டும் மேசை வரவேண்டிய தரையில், ஜன்னல் ஓட்டை வழியாக வந்த வெயில் சாய்வாக விழுந்து கிடந்தது.

"வெயில் எட்டியே பார்க்காதுன்னு சொன்ன. இது என்னடா, விருந்தாளியா?"

அவர் அந்த வெயிலைப் பார்த்தார். சூரியன் நேர் கிழக்கே உதிக்கிற காலம் அது. வடக்கு ஜன்னலுக்குள் அது நுழைய வழியே இல்லை. அப்படியென்றால் அது வடக்கு ஜன்னல் இல்லை. வெளியே வந்து கொத்தனாரிடம், நாளைக்கு ஆள் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். மேடமுக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னார்.

"எதிர் மூலையில வெச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"இல்ல மேடம்."

"சரி, சரியான வடக்கைக் கொண்டு வாங்க. வரைஞ்சுக்கலாம்" என்று மேடம் ஃபோனை வைத்துவிட்டார்.

திசைகாட்டிமேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. நாடா பிடித்த காலத்தில் பழகிய வழிக்குப் போனார். சமமான தரையில் ஒரு குச்சியை நேராக நட்டு, அதைச் சுற்றிக் கயிற்றால் ஒரு வட்டம் போட்டார். காலையில் குச்சியின் நிழல் சுருங்கிக்கொண்டே வந்து அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஓர் ஆணி. மத்தியானத்துக்குப் பிறகு நிழல் நீண்டு மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னோர் ஆணி. இரண்டு ஆணிக்கும் நடுவே நூல் இழுத்தால் அது சுத்தமான கிழக்கு மேற்கு. இதில் பிழை வராது. ஆனால் முதல் ஆணிக்கும் இரண்டாவது ஆணிக்கும் இடையில் செய்வதற்கு எதுவும் கிடையாது. அவர் ஸ்டூலை விரித்து உட்கார்ந்தார்.

அக்காவும் போகவில்லை. செங்கல் குவியலின் நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யாருடைய கால்சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தெருநாய் ஒன்று வந்து, பின்பக்கம் மாமரத்து நிழலில் படுத்தது. அவர் அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது தெருமுனை இஸ்திரிக்காரர் பெட்டியை ஆறவைத்துவிட்டு இவர்களிடம் வந்தார். மற்ற மனைகளில் எல்லாம் உட்காருகிற இந்த ஆளை இங்கே மட்டும் ஒரு நாளும் காணோமே என்று அவர் முன்பே யோசித்தாராம். என்ன பிரச்சினை என்று விசாரித்தார். திசைகாட்டி ஏமாற்றிவிட்டது என்று கேட்டதும், அதை எங்கே வைத்தீர்கள் என்றார். கல்லைக் காட்டினார்கள்.

"அதுக்குப் பக்கத்துலதான் பழைய போர் இருக்கு சார். இரும்புக் குழாய். தண்ணி வத்திப்போச்சுன்னு மேல மண்ணைப் போட்டு மூடிட்டாங்க. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

காலால் மண்ணைத் தள்ளியதும் துருப்பிடித்த வளையம் தெரிந்தது. முள் வடக்கைக் காட்டவே இல்லை. பக்கத்திலிருந்த இரும்பைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அக்கா பொத்தானிலிருந்து தலையைத் தூக்கி, "ஊரெல்லாம் சும்மா உட்காருவ. அக்கா வீடுன்னா மட்டும் உனக்கு ரொம்ப வேலை" என்றாள். பாட்டிலை எடுத்து, முதலில் தண்ணியைக் குடி என்று நீட்டினாள்.

சாயங்காலம் இரண்டாவது ஆணியை அடித்து நூலை இழுத்தபோது, அந்த நூலுக்கும் ஜன்னல் கயிற்றுக்கும் நடுவே நன்றாக விரித்த கத்திரியின் கோணம் இருந்தது. அக்கா உட்கார்ந்து, அந்தக் கோணத்தைக் கையால் அளந்து பார்த்தாள். பிறகு ஜன்னல் சுவரின் ஒரு முனையை அப்படியே வைத்துக்கொண்டு, மறுமுனைக் கம்பை மட்டும் பிடுங்கி உள்ளே தள்ளி நடச் சொன்னாள். ஒரு பக்கம் தொளதொளவென்று இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் பிடித்துத் தைப்பதில்லையா என்றாள். மறுநாள் காலை அந்தக் கோணல் பெட்ஷீட் அறைக்குள் அக்கா, தம்பி, மாமா மூவரும் குனிந்து நின்று பார்த்தார்கள். தரை முழுக்க ஒரே சீரான வெளிச்சம். வெயில் எங்கேயும் இல்லை.

மேடம் அதை அப்படியே வரைந்துகொண்டார். அறையில் கொஞ்சம் இடம் குறைந்தது. வெளியே முக்கோணமாக மிஞ்சிய இடத்தில் ஒரு சின்ன மேடை போட்டுக் கொடுத்தார், வருகிறவர்கள் உட்கார. கொத்தனார்தான் கடைசிவரை சமாதானமாகவில்லை. இந்தக் கோணல் சுவரை யார் கட்டியது என்று கேட்டால் என் பேரைச் சொல்லாதீர்கள் என்று பூச்சு முடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தன் மகளுக்குச் சட்டை தைக்கத் துணி கொண்டுவந்தபோது அந்த மேடையில் முதலில் உட்கார்ந்தவரும் அவர்தான்.

இப்போது அக்கா யாரையும் வேறு கடைக்கு அனுப்புவதில்லை. தம்பி வேலை முடிந்து போகும் வழியில் அடிக்கடி அங்கே நுழைவார். ஒரு நாள் அவள் மெஷினை நிறுத்தாமலே, பெட்டியிலிருந்து கறுப்பு நூலை எடுத்துத் தரச் சொன்னாள். பெட்டியில் கறுப்பும் கருநீலமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு, பழைய வீட்டில் இத்தனை வருஷம் பார்த்த பழக்கத்தில், வாசலைப் பார்த்து நடந்தார்.

"எங்க போற?" என்றாள் அக்கா. "இங்கேயே பாரு, தெரியும்."

அவர் நின்று கையை ஜன்னல் பக்கம் திருப்பினார். தெரிந்தது. கறுப்பை அவளிடம் கொடுத்துவிட்டு, சுவரோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.