நான்காவது துளை

எதிரே நிற்கும் மரப் பின்களை உருட்டித் தள்ளும் என் புது பௌலிங் பந்தை, விரல் துளை போடச் சொல்லிக் காலடிப்பேட்டை லேத் பட்டறை மணி அண்ணனிடம் கொடுத்திருந்தேன்.

பந்துக்குள் புதைந்திருக்கும் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால்தான் ஓடுகிற பந்து கடைசியில் வளையும். அதைக் கணக்குப் பார்த்துத்தான் மூன்று இடத்தில் குறி வைத்திருந்தேன்.

இன்று போனால் நான்கு துளை.

"இன்னாண்ணா இது?"

"வெயிட்டு ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது தம்பி. அந்தாண்ட தோண்டி சரி பண்ணிட்டேன். பேலன்ஸ் பண்ணாம எந்த மோட்டார் புல்லியும் என் கைய வுட்டுப் போவாது."

"அது சாஞ்சாத்தாண்ணா பந்து வளையும்."

"இன்னாத்துக்கு வளையணும்? பின்னு நேர் எதிர்லதான நிக்குது?"

அரை மணி நேரம் விளக்கிவிட்டேன். இனி உங்களில் யாராவது போய்ச் சொல்லுங்கள். பட்டறை ஏழு மணிவரை திறந்திருக்கும்.