ரஹீமா உட்கார்ந்த சோபா

ரஹீமா இறந்த செய்தி அவள் வீட்டிலிருந்து எனக்கு வரவில்லை. அவளை நிற்கவைத்தவரிடமிருந்து வந்தது. தாம்பரத்தில் நாம் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் கடையின் பழைய ஊழியர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில், காலையில் பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன். மேலாளர் அவளுடைய படத்தைப் போட்டு, ‘எங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்’ என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அந்தப் படத்திலும் அவள் வாசல் கண்ணாடிக் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டுதான் இருந்தாள்.

மேலாளரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். ரஹீமாவின் பெயர் இருக்கும் தாளில் அது வேண்டாம். இதைப் படிக்கப்போகும் நீங்கள் எல்லோரும் அவருக்குக் கீழே நின்றவர்கள்தான்.

நான் வாஷிங் மெஷின் பிரிவு, அவள் பக்கத்தில் டிவி பிரிவு. ஒருமுறை நாவலூரிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒவ்வொரு டிவியாகப் போடச் சொல்லி, சத்தத்தைக் கூட்டச் சொல்லி, குறைக்கச் சொல்லி, அவள் தொண்டை வறளும்வரை கேள்வி கேட்டார்கள். கடைசியில் ஒருவன் மற்றவனிடம், “மச்சான், மாடல் நம்பர போட்டோ எடுத்துக்கினியா? ஆன்லைன்ல கம்மியா கீது” என்றான். அவள் முன்னாலேயே சொன்னான். ரஹீமா சிரித்தாள். “போட்டோ ஆடிப்போச்சான்னு பாத்துக்கோ கண்ணு. அப்புறம் வேற மாடல் வந்துச்சுன்னா ஆன்லைன் வந்து எனக்கு பதில் சொல்லாது” என்றாள். அவர்கள் போனதும் என்னைப் பார்த்து, “டிவி நல்லா ஓடினா கம்பெனி நல்ல கம்பெனி வேதா அண்ணே. கெட்டுப்போனா ரஹீமா கெட்டவ” என்றாள். அந்த வேலையைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடையில் ஊழியர்கள் உட்காரக்கூடாது என்பது விதி. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நிற்கவேண்டும். தீபாவளிச் சமயத்தில் சாப்பாட்டையும் நின்றபடிதான் விழுங்கினோம். அதற்கு நாம் என்னென்ன தந்திரம் செய்தோம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். கீழ்த்தட்டைத் துடைக்க அடித்துக்கொள்வோம், குனிந்தாவது இருக்கலாம் என்று. முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினை நான் அவ்வளவு விற்றதற்கு மேலாளர் என்னை மேடையேற்றிப் பாராட்டினார். அதைக் குந்தி உட்கார்ந்துதான் காட்டமுடியும். காரணம் அவ்வளவுதான். ரஹீமாவுக்கு அந்த வசதியும் இல்லை. டிவி கண்மட்டத்தில் தொங்கும்.

அவள் பிரிவில் ஒரு சிவப்பு சோபா இருந்தது. கஸ்டமர் உட்கார்ந்து பெரிய டிவியில் படம் பார்ப்பதற்காக. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு வயதான அம்மா மகனுடன் வந்திருந்தார். ரஹீமா பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார். “உக்காரும்மா. நீ நின்னா எனக்குப் படம் மறைக்குது. காலு வேற இப்படி வீங்கிக் கிடக்கே.” ரஹீமா உட்கார்ந்தாள். அவள் செய்த தவறு அவ்வளவுதான்.

மேலாளர் கேமராவில் பார்த்துவிட்டார். நேரில் வந்து சொல்லவில்லை. சலுகை அறிவிக்கும் மைக்கை எடுத்து, “டிவி செக்‌ஷன்ல உக்காந்திருக்கிற ஸ்டாஃப் உடனே எழுந்திருக்கவும்” என்றார். கடை முழுக்கக் கேட்டது. மாடியில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். ரஹீமா எழவில்லை. மேலாளர் ஓடிவந்தார். “காது கேக்கலையா?”

“டெமோ முடியலை சார்” என்றாள் ரஹீமா.

அந்த அம்மா அந்த டிவியையே வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் ரஹீமாவை வாசலில் போட்டார்கள். கதவைத் திறந்து ‘வணக்கம், வாங்க’ என்று சொல்லும் வேலை. முதுகில் ஏசிக் குளிர், முகத்தில் ஜிஎஸ்டி ரோட்டின் அனல். டிவியைப் பற்றி அவ்வளவு தெரிந்தவளை, கதவுக்குப் பிடி ஆக்கினார்கள்.

பிறகு சட்டம் வந்தது. கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று. நாற்காலிகள் வந்திறங்கின. பிரிவுக்கு ஒன்றாகப் போட்டு, நம்மை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். ரஹீமாவையும் வாசலில் உட்காரவைத்து எடுத்தார்கள். படம் எடுத்து முடித்ததும் நாற்காலிகளை அடுக்கி கோடவுனுக்குக் கொண்டுபோனார்கள். “போட்டோவுல உக்காந்துட்டோம்ல அண்ணே, கால் வலி போட்டோவுக்குப் போயிடும்” என்றாள் ரஹீமா. நாற்காலிகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

அவள் கால் நரம்புகள் புடைத்துச் சுருண்டன. கணுக்காலில் புண் வந்தது, ஆறவில்லை. வேலையை விட்டாள். சென்ற மாதம் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். நின்றதால்தான் வந்தது என்று அவர் எழுதித் தரவில்லை. நான் எழுதுகிறேன்.

அவள் வீட்டு வாசலில் சாமியானா போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். மேலாளர் கடையின் பெயர் போட்ட பெரிய மாலையோடு வந்தார். ரஹீமாவின் மகன் இம்ரான், “நாங்க மாலை போடறதில்ல சார்” என்று மெதுவாகச் சொன்னான். எத்தனையோ ரம்ஜானுக்கு அவள் கையால் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டவருக்கு இதுகூடத் தெரியவில்லை. மாலையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எழுந்திருங்க சார்” என்றேன். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

இம்ரான் என் தோளைத் தொட்டான். “விடுங்க மாமா. உக்காரட்டும். அம்மா இருந்தா நாற்காலிய அவங்களே எடுத்துப் போட்டிருப்பாங்க.”

உண்மைதான். ரஹீமா போட்டிருப்பாள். ஆனால் நான் ரஹீமா இல்லை. அவர் எழும்வரை அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுந்தார். ஜனாஸா புறப்படும்வரை வெயிலில் நின்றார். அதைப் பார்த்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது கடையில் இரங்கல் கூட்டம் நடத்தப்போகிறார்களாம். அவள் கதவைப் பிடித்து நிற்கும் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டப்போகிறார்களாம். மேலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டார். செத்த பிறகும் அவளை வாசலில் நிற்கவைக்கப் பார்க்கிறார். அந்தக் கூட்டத்துக்கு நான் போகமாட்டேன். நான் பேசவேண்டியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

சென்ற ஞாயிறு, கூட்டம் நெரியும் நேரம் பார்த்துக் கடைக்குப் போனேன். நேரே போய் சிவப்பு சோபாவில் உட்கார்ந்தேன். டிவி பிரிவில் புதிதாக ஒரு பெண். “என்ன சைஸ் பாக்கறீங்க ஐயா?” என்றாள்.

“இருக்கறதுலயே பெருசு. பொறுமையாக் காட்டும்மா. நீயும் உக்காரு.”

அவள் கேமராவை அண்ணாந்து பார்த்தாள். உட்காரவில்லை. ஆனால் மேலாளர் வந்துவிட்டார். “வேதாசலம், சண்டே கூட்டத்தைப் பாருங்க. வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லேன்னா இடத்தை விடுங்க.”

நான் இப்போது ஸ்டாஃப் இல்லை, கஸ்டமர். சுற்றிலும் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, கஸ்டமரைக் கையைப் பிடித்து எழுப்ப அவருக்குத் தைரியம் வராது.

“டெமோ முடியலை சார்” என்றேன். அவர் என் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

ரஹீமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு வாக்கியம்தான். அவளுடைய பொறுமையை அவள் பிள்ளைகள் வைத்துக்கொள்ளட்டும். கோடவுனில் இருக்கும் நாற்காலிகள் வெளியே வந்து, அந்தப் பெண் அதில் உட்காருவதைப் பார்க்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் போவேன். உங்களில் யாருக்காவது அவள்மேல் பிரியம் இருந்தால் இரங்கல் கூட்டத்துக்குப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அந்த சோபாவில் இன்னும் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.