பிளஸ் டூ வீட்டில் உப்பில்லாச் சோறு

போன மாதம் ஒரு சனிக்கிழமை. காலைக் காபி பாதி குடித்திருப்பேன். செல்வியிடமிருந்து போன்.

செல்வி என் சித்தி மகள். மரக்காணத்துக்குப் பக்கத்தில் உப்பளத்தில் கூலி வேலை. அவள் வீட்டுக்காரர் ஏழுமலை, லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவர். செல்வி போன் செய்தால் பேச்சுக்கு முன்னால் சிரிப்பு வரும். அன்றைக்கு மூச்சு வாங்குகிற சத்தம்தான் வந்தது.

“அக்கா, கீர்த்தி திங்கக்கெழம பரீட்சைக்குப் போமாட்டேன்னு சொல்லிட்டா. நீ வந்து ஒரு வார்த்த சொல்லுக்கா. பேப்பர்லலாம் எழுதறியே.”

பேப்பரில் எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். அது கூடப் பரவாயில்லை. கொஞ்ச நாளில் நாமும் நம்ப ஆரம்பித்துவிடுகிறோம் பாருங்கள்... நானும் அந்த நம்பிக்கையில்தான் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறினேன்.

கீர்த்தி அவர்களுடைய மூத்த பெண். பிளஸ் டூ. அரையாண்டுத் தேர்வில் ஸ்கூல் ஃபர்ஸ்ட். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதை எழுதலாமா என்று மூன்று பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

வீட்டுக்குள் காலை வைத்ததும் உறைத்தது அமைதிதான். டிவிக்கு மேல் பெட்ஷீட் போர்த்தியிருந்தது. சின்னவளைக் கூனிமேட்டில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம் — வீட்டில் இருந்தால் வாய் ஓயாதாம். விசில் அடிக்கும் என்று குக்கரைப் பரண் மேல் ஏற்றியாயிற்று. பக்கத்து வீட்டுப் பெண் தன் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய் மசாலா அரைத்துக்கொண்டு வருகிறாள். கோயில்காரர்கள் ஸ்பீக்கரை வேறு பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். எல்லாம் கீர்த்திக்காக.

எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்த ஒரு பெண்ணுக்காக ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதன் இன்னொரு பக்கம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

உள் அறையில் கீர்த்தி உட்கார்ந்திருந்தாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. இங்கிலீஷ் பரீட்சையில் கேள்வித்தாளை வாங்கியதும் கண்ணுக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லையாம். பேனாவைப் பிடிக்க முடியாமல் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் வாந்தி. திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. அதற்குப் போகப் போவதில்லை என்று, ஏதோ நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போகவில்லை என்பது மாதிரி, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னாள்.

நான் ஆரம்பித்தேன். மூச்சை இழுத்து விடு, தண்ணீர் குடி, ஒரு மணி நேரம் படித்தால் பத்து நிமிஷம் நட, தெரிந்த கேள்வியை முதலில் எழுது... அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அலமாரிக் கதவைக் காட்டினாள். போன வருஷம் இதே பத்தியில் நான் எழுதிய ‘பரீட்சை பயமா? பத்து வழிகள்’ அங்கே ஒட்டியிருந்தது.

“பத்தும் பண்ணிட்டேன் பெரிம்மா” என்றாள்.

எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடைக்காது.

பதினொரு மணிக்கு மேல் செல்வி அளத்திலிருந்து வந்தாள். விடிவதற்கு முன்னால் போனால் அந்த நேரம்தான் ஆகும். மார்கழியில் பார்த்தபோது இருந்த செல்வி இல்லை இவள். கன்னம் ஒட்டிப்போய், காலை இழுத்து இழுத்து நடந்தாள். கேட்டதற்கு, பாத்தியில் நின்று நின்று காலில் குரக்களி பிடித்து நரம்பு இழுக்கிறது என்றாள்.

எனக்குச் சோறு, காரக்குழம்பு, வறுத்த நெத்திலி. அவளோ ஒரு சின்ன ஏனத்திலிருந்து எதையோ ஊற்றிப் பிசைந்துகொண்டு தள்ளி உட்கார்ந்தாள். சின்ன வயசிலிருந்தே எங்களுக்குள் ஒரு பழக்கம். அவள் தட்டில் நான் கை வைப்பேன், என் தட்டில் அவள் வைப்பாள். அன்றும் ஒரு வாய் எடுத்துப் போட்டேன்.

துளி உப்பு இல்லை.

“இன்னாடி இது...” என்று ஆரம்பிப்பதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணால் உள் அறையைக் காட்டினாள். கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னாள். வேண்டுதலாம். பொங்கல் முடிந்த கையோடு அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டாளாம். கீர்த்தி கடைசிப் பரீட்சையை எழுதி முடிக்கிற வரைக்கும் உப்பு தொடமாட்டேன் என்று.

பிள்ளையின் பரீட்சைக்காக வேண்டிக்கொள்ளாத அம்மா யார்? ஒருத்தி கறி மீனை விடுவாள். ஒருத்தி காபியை விடுவாள். செல்விக்கு இதெல்லாம் போதாது என்று பட்டிருக்கிறது. தினமும் எதில் நிற்கிறாளோ, எதை வாருகிறாளோ, அதை விட்டால்தான் அம்மன் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்திருக்கிறாள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மார்ச் மாத வெயில். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. உடம்பிலிருந்து உப்பெல்லாம் வியர்வையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. திரும்ப ஒரு கல் உப்பு உள்ளே போவதில்லை. ராத்திரியெல்லாம் ஆடுசதை இழுத்துப் பிடிக்கிறது. தலை சுற்றி ஒருநாள் வரப்பிலேயே விழுந்திருக்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள் தூக்கி உட்கார வைத்து மோர் கொடுத்தார்களாம். அதிலும் உப்பு இருக்கும் என்று குடிக்கவில்லையாம்!

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் சொன்னதையெல்லாம் இங்கே அச்சில் போட முடியாது. அவள் திரும்பத் திரும்ப ஒன்றுதான் சொன்னாள். இன்னும் கொஞ்ச நாள்தான், வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது, கீர்த்திக்குத் தெரியவே கூடாது. என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

சாப்பிட்டுவிட்டு அசதியில் அப்படியே தரையில் தூங்கிப்போனாள். நான் பின்பக்கம் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். கீர்த்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எங்கம்மா உப்பு போடாம துன்றாங்க பெரிம்மா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்காங்க.”

எப்போதிலிருந்து தெரியும் என்றேன். தை மாசத்திலிருந்தே தெரியுமாம். தூக்குவாளியில் அம்மா மிச்சம் வைத்த கஞ்சியை ஒருநாள் குடித்துப் பார்த்திருக்கிறாள். ஸ்டடி லீவில் ஒருநாள் தண்ணீர் கொடுக்க அளத்துக்குப் போனவள், அம்மா வரப்பில் விழுந்ததையும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். பார்த்தது தெரிந்தால் அம்மா வருத்தப்படுவாள் என்று கிட்டே போகாமல் திரும்பி வந்துவிட்டாளாம்.

“கொஸ்டின் பேப்பரக் கைல வாங்கினா, அம்மா வுழுந்ததுதான் வருது. ஒரு மார்க் கொறஞ்சாலும் அவங்க பட்டதெல்லாம் வீணாப் பூடும்ல? யாருமே என்னத் திட்டமாட்றாங்க பெரிம்மா. திட்டினாக்கூட நல்லாருக்கும்.”

அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன் இதை! பிள்ளைகளுக்குத் தெரியாமல் நகையை அடகு வைப்போம். பிள்ளைகளுக்குத் தெரியாமல் நம் மருந்தை நிறுத்துவோம். அவர்களுக்குத் தெரியாது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். அவர்களோ கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தெரியாத மாதிரி நடிப்பது வேறு அவர்களுக்கு ஒரு தனிப் பரீட்சை.

சத்தியமாவது ஒன்றாவது! செல்வியை உலுக்கி எழுப்பினேன். மகளையும் எதிரே உட்கார வைத்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று உடைத்துச் சொல்லிவிட்டேன்.

செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை என்னால் மறக்க முடியாது. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இன்றைக்கே உப்புப் போட்டுச் சாப்பிடு, நான் பரீட்சைக்குப் போகிறேன் என்றாள் கீர்த்தி. செல்வி தலையை ஆட்டினாள். முடியாதாம்.

“பாதியில வுட்டா சாமி குத்தம்க்கா. எம்மேல வந்தா வரட்டும். இவ பேப்பர் மேல வந்துட்சின்னா?”

எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது ஒருத்தி பிடித்துக்கொண்டிருக்கிற கயிற்றைக் கயிறே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் ஏழுமலை வந்தார். கேட்டுவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கூடவே இருக்கிறேன், எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு. கடைசியில், வேண்டுதலைப் பாதியில் விடலாமா என்று காலையில் கோயிலில் பூ கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். செல்வியும் சம்மதித்தாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ. இன்னொன்றில் சிவப்பு. அம்மன் காலடியில் வைத்து, சின்னக் குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதித்துவிட்டாள். சிவப்பு வந்தால் இல்லை.

பூ வாங்குகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் முல்லைப் பூ மட்டும்தான் வாங்கினேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. என்ன தப்பு? ஒரு உயிர் பிழைக்கும், ஒரு பெண் பரீட்சை எழுதுவாள். எனக்குத் துளி உறுத்தல்கூட இல்லை.

கூட வந்த கீர்த்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பொட்டலத்து வாழை இலையைப் பிரித்துப் பார்த்தாள்.

“வேணாம் பெரிம்மா. செவப்பு வந்தா வரட்டும். இன்னொன்ன மறச்சி வெக்க என்னால முடியாது.”

திரும்பிப் போய் சிவப்பு அரளி வாங்கிக்கொண்டு வந்தேன். ஐம்பது வயசில் ஒரு பதினேழு வயசுப் பெண்ணிடம் கையும் களவுமாகப் பிடிபடுவது அவ்வளவு சுகமான அனுபவம் இல்லை.

கோயிலில் கூட்டம் இல்லை. சாமி கும்பிட வந்த ஒரு பெண்ணின் குழந்தையைப் பூசாரி கூப்பிட்டார். அது இரண்டு பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பிரித்தார்.

சிவப்பு.

ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். கீர்த்தியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். வெள்ளையை மட்டும் கட்டியிருக்கலாமே என்று கீர்த்தி மேல் எரிச்சல்கூட வந்தது, ஒளிப்பானேன்.

செல்வி பூவைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கீர்த்தி அப்போதும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். செல்வி அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சன்னதிக்கு முன்னால் பலிபீடத்தில் ஜனங்கள் உப்பும் மிளகும் கொட்டியிருந்தார்கள். அங்கே போய்க் குனிந்தாள். ஒரு கல் உப்பை எடுத்தாள். நிமிர்ந்து அம்மனைப் பார்த்தாள்.

“நீ வேணான்னுட்ட. தெரியிது தாயே. எம்பொண்ணு ஃபெயிலானா ஆவட்டும். எனக்கு எம்பொண்ணு வேணும்.”

உப்பை வாயில் போட்டுக்கொண்டாள். எந்தக் கணக்குப் பரீட்சைக்கும் இவ்வளவு தைரியம் தேவைப்படாது. கீர்த்தி ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு, அத்தனை நாளும் அழாததையெல்லாம் அழுது தீர்த்தாள். பூசாரி தட்டிலிருந்து குங்குமம் எடுத்து இரண்டு பேர் நெற்றியிலும் வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் செல்விக்கு நான்தான் சோறு போட்டேன். குழம்பில் உப்பு தூக்கல் என்று குறை சொன்னாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். இல்லை. திங்கட்கிழமை காலையிலும் கீர்த்திக்கு வாந்தி வந்தது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். செல்விக்கு ரத்தப் பரிசோதனை செய்து, உப்புச் சத்து அதலபாதாளத்தில் இருப்பதாகச் சொல்லி, இரண்டு நாள் படுக்க வைத்துவிட்டார்கள். சின்னவளையும் கூட்டிக்கொண்டு வந்தாயிற்று. வந்த முதல் வேலையாக டிவி மேல் இருந்த பெட்ஷீட்டை இழுத்துப் போட்டாள். யாரும் தடுக்கவில்லை.

சாமி குற்றம் வந்ததா இல்லையா என்று ரிசல்ட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள். சொல்லமாட்டேன். பாஸோ ஃபெயிலோ, செல்வி அதைக் கோயிலிலேயே ஏற்றுக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆனால் கணக்குப் பரீட்சைக்குக் கீர்த்தி போனாள். மூன்று மணி நேரமும் உட்கார்ந்தாள். மதியம் ஸ்கூல் கேட்டில் நான்தான் காத்துக்கொண்டிருந்தேன். எப்படி எழுதினாய் என்று கேட்கக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு அஞ்சு மார்க் கேள்வியை விட்டுவிட்டதாக அவளே சொன்னாள். ரோட்டைத் தாண்டும்போது, பயமாக இருந்ததா என்று மட்டும் கேட்டேன்.

“இருந்துச்சி பெரிம்மா. ஆனா பரீட்ச பயம் மட்டும்தான் இருந்துச்சி.”