இல்லாத ஸ்லாட்டில் உட்கார்ந்த கார்டு

சரியாகச் சொன்னது நான். கிள்ளு வாங்கியதும் நான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இடது தொடையில் எந்த இடம் என்று இன்றைக்கும் விரல் வைத்துக் காட்டுவேன்.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பொறுக்கிப் பூட்டித் தந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ் படித்தவர். அந்த ஆறு மாதத்துக்கே வீட்டில் எல்லோரும் அவரை இன்ஜினீயர் என்றார்கள். மலிவாகக் கிடைத்ததென்று அவர் எடுத்த மதர்போர்டு, படம் காட்டும் வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும். பார்த்த லட்சணம்! கார் ரேஸ் கேமில் என் சிவப்புக் கார் பாலத்தில் ஏறியதும் விக்கும், நிற்கும், மறுபடி விக்கும். பாலத்துக்குக் கீழே கடல் கட்டம் கட்டமாக உடைந்து விழும். லீவுக்கு லீவு மாமல்லபுரத்துக் கடலில் முட்டியளவு நின்று வளர்ந்தவள் நான். கட்டம் போட்ட கடலை எப்படிப் பொறுப்பேன்?

"படத்துக்குன்னே தனியா ஏஜிபி கார்டு ஒண்ணு போட்டா பறக்கும்" என்றார் மாமா.

போர்டோடு வந்த சின்னப் புத்தகத்தை அந்த வீட்டில் படித்த ஒரே ஜீவன் நான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக. ஏஜிபி கார்டைச் செருகப் பழுப்பு நிறத்தில் தனிப் பள்ளம், அதாவது ஸ்லாட், வேண்டும். எங்கள் போர்டில் இருந்தவை மூன்று வெள்ளை ஸ்லாட்டுகள் மட்டுமே. வெள்ளையில் பொருந்துகிற பிசிஐ கார்டு வாங்குங்கள் என்று தெளிவாகச் சொன்னேன்.

"அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுமா? போய்ப் படி" என்றார் அப்பா. படித்ததைத்தானே சொன்னேன்!

மாமா சென்னைக்குப் போய் ஏஜிபி கார்டையே வாங்கி வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்போரூரிலிருந்து ஒருவர் வந்தார். மாமாவுக்குப் பேசியிருந்த பெண்ணின் அண்ணன். நிலையான வேலை இல்லையென்று மாமாவுக்கு ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. தரகர் இந்த இடத்தில் "கம்ப்யூட்டர் பையன்" என்று அளந்து வைத்திருந்தார். பையனின் திறமையைக் கண்ணால் காட்டிவிட அப்பாவுக்கு ஆசை. வந்தவர் முன்னாலேயே கார்டைப் போடச் சொன்னார்.

மாமா கேபினெட்டைத் திறந்தார். கார்டை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். அதன் தங்கப் பற்கள் கடிக்க இடமில்லாமல் பளபளத்தன. மாமாவின் காது சிவந்தது. பிறகு வந்தவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கார்டைக் கீழே கிடந்த செய்தித்தாளுக்குள் நழுவவிட்டார்.

"முடிஞ்சிச்சு" என்றார்.

"இரு தம்பி" என்று வந்தவர் எழுந்தார். "நானும் டி.வி. ரிப்பேரு கடதான் வெச்சிக்கீறேன். ஒரு லுக்கு வுடறேன்."

பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்துக் குனிந்தார். வெளிச்சம் மூன்று வெள்ளை ஸ்லாட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டது. மூன்றும் காலி. நான்காவதாக ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. மாமாவின் கையில் ஸ்க்ரூ டிரைவர் ஆடியது. நான் இன்னும் கிட்டே போய் நின்றேன். அப்பாடா, விஷயம் தெரிந்த ஒரு மனுஷர் வந்துவிட்டார்!

அவர் நிமிர்ந்தார். "சோக்கா ஒக்காந்துகீது, மாப்ள."

"பொய்யி! கார்டு பேப்பருக்குள்ள கீது! அதுக்கு ஸ்லாட்டே கெடையாது!" என்று கத்தினேன்.

அப்போது அம்மா வைத்ததுதான் அந்தக் கிள்ளு. அப்படியே என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். கூடத்தில் "பாப்பா உஷாருதான்" என்று சிரிப்பு. கேமைப் போட்டுக் காட்டினார்கள். பாலத்தில் என் கார் விக்கிய சத்தம் எனக்குக் கேட்டது. "இன்னா பறப்பு பறக்குது!" என்றார் அந்த மனுஷர். பறக்குதாம்!

அம்மா ஒரே காபியில் இரண்டு தடவை சர்க்கரை போட்டாள். "மாப்ளன்னு கூப்ட்டாருடி" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கிள்ளு வாங்கியவள் நானிருக்க இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கல்யாணத்தில் அந்த அண்ணன் நீட்டிய ஐஸ்கிரீமைக்கூட நான் தொடவில்லை.

காலேஜில் படிக்கும்போது ஒருநாள் கேளம்பாக்கத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். இறாலை உரித்துக்கொண்டே அத்தை தானாகச் சொன்னாள். மாமாவுக்கு முன்னால் அவளுக்கு ஓர் இடம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோனதாம். அதை எங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல்தான் பெண் கொடுத்தார்களாம்.

"அன்னிக்கு எங்கண்ணன் வூட்டுக்கு வந்து, 'பையன் பொய் சொல்றாம்மா, ஆனா கை ஒதறுது. நான் மட்டும் இன்னா, நம்ம கதைய சொல்ட்டா வந்தேன்?'னுச்சு."

"அப்ப நான் சொன்னது கரெக்டுன்னு அவருக்குத் தெரியும்?"

"டார்ச் அடிச்சி பாத்தவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிமா நான் கிள்ளு வாங்கறத பாத்துகினு இருந்தாரு?"

அத்தை சிரித்தாள். "நீ சொன்னத அவரும் சொல்லியிருந்தா, இப்ப உனக்கு யாருடி கொழம்பு வெப்பாங்க?"

குழம்பு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன். என் கோபம் தீர்ந்துவிட்டதென்று அத்தை நினைத்துக்கொண்டாள்.