ஐந்து மணி அளவு

அர்னில்டோ வெபரை எங்கள் ஊரில் யாருக்கும் லேசில் பிடிக்காது. எனக்கும் பல வருஷம் பிடிக்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் மனுஷன் "யார் அளந்தது?" என்று கேட்பார். கசாப்புக் கடையில் கேட்பார், பாதிரியாரின் பிரசங்கம் முடிந்ததும் கேட்பார். நான் உள்ளூர் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவன். என்னிடம் கேட்காமல் விடுவாரா?

பிரேசிலின் தென்கோடியில், செர்வோ ஆறு வளைந்து திரும்பும் இடத்தில்தான் எங்கள் ஊர். பாலம் வருவதற்கு முன்பு அர்னில்டோ ஆற்றில் தெப்பம் ஓட்டினார். பாலம் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. அரசின் நீரளவு அலுவலகம் அவரை ஆற்றளவு பார்ப்பவராக வைத்துக்கொண்டது. காலை ஏழு, மாலை ஐந்து, தினம் இரண்டு தடவை. வீட்டுக்குப் பின்னால் தொண்ணூறு படி இறங்கி, தண்ணீரில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். முதலில் அலுவலகத்துக்குச் சொல்வார், பிறகு எனக்கு. நான் ரேடியோவில் வாசிப்பேன். முப்பத்தோரு வருஷம் இப்படியே போயிற்று. கிறிஸ்துமஸ் அன்றும் இறங்கினார், மகனைப் புதைத்த அன்றும் இறங்கினார்.

எட்டு மீட்டர் தொட்டால் தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதுவார்கள். கீழத்தெருக்காரர்கள் ஃபிரிட்ஜை மேஜைமேல் ஏற்றிவிட்டு சர்ச் மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். அர்னில்டோவின் எண் வராமல் ஒருத்தரும் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த மாட்டார்கள். வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும் ரேடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளம் வந்த வருஷம் செப்டம்பரில் மழை நான்கு நாள் விடவில்லை. நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்கு அவர் சொன்ன எண்ணை நான் வாசித்தேன். ஏழு மீட்டர் எண்பது. சங்கு ஊதவில்லை. ஏழு மணிக்கெல்லாம் கீழத்தெருவில் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. நெரியு என்கிறவன் கோழி இறைச்சி ஆலையில் மாலை ஷிப்டுக்குப் போயிருந்தான். அவன் மனைவி லூர்தினா வீட்டில் தனியாக இருந்தாள். பக்கவாதம் வந்து ஒரு கால் விளங்காதவள். மறுநாள் அடுப்படியில் கிடைத்தாள்.

இரண்டு நாளில் தலைநகரிலிருந்து டிவிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். லூர்தினா வீட்டின் முன் ஒரு பெண் ரப்பர் பூட்ஸோடு நின்றுகொண்டு, காலநிலை மாற்றத்தின் முகம் இதுதான் என்றாள். மேயர் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறு சரித்திரம் காணாத அளவுக்கு ஏறிக் கரையைத் தாண்டிவிட்டது, இயற்கையோடு யார் மல்லுக்கு நிற்க முடியும் என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஒரு வாரம் ரேடியோவில் அதையே கத்தினேன். நன்றாக எடுபட்டது.

அர்னில்டோ ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். நனைந்த தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, கரை பன்னெண்டு மீட்டர். ஆறு ஏறினது பத்து அறுபது. எப்படிய்யா தாண்டும்? கரையில ஓடை வந்து சேர்ற இடத்து மதகை மூடுற சங்கிலி அறுந்து ஒன்றரை வருஷமாச்சு, நகராட்சி கட்டல. மதகு திறந்தே கிடந்துச்சு, அது வழியாத்தான் தண்ணி தெருவுக்குள்ள வந்துச்சு. லூர்தினா வீட்டு முன்னாடி நின்னு பேசினீங்களே, தண்ணி எந்த வழியா வந்துச்சுன்னு உங்கள்ல ஒருத்தனாவது கேட்டானா?"

அப்படியானால் காலநிலை மாறவே இல்லை என்கிறாரா என்று கேட்டேன். முறைத்தார். "நான் அப்படிச் சொன்னேனா? மாறியிருக்கலாம், மழையும் கூடியிருக்கலாம். நான் அதை அளக்கல. அளக்காததை எப்படிச் சொல்வேன்? சங்கிலி அறுந்ததைப் பார்த்தேன், அதைச் சொல்றேன்."

டிவிப் பெண்ணிடமும் இதையே சொன்னார். அவர்கள் ஒளிபரப்பவில்லை. வேறொரு டிவி வந்தது, காலநிலை என்பதே கட்டுக்கதை என்று பேசுகிற கூட்டம். அவர்கள் "நான் அதை அளக்கல" என்ற இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஆறு கரையைத் தாண்டவில்லை என்ற இடத்தை மட்டும் காட்டினார்கள். ஒரே வாரத்தில் ஒரு பக்கத்துக்குப் பைத்தியக்காரராகவும் மறுபக்கத்துக்கு வீரராகவும் ஆகிவிட்டார் மனுஷன். இரண்டுமே அவர் இல்லை. சங்கிலியைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

நெரியு மட்டும் நகராட்சிமேல் வழக்குப் போட்டான். நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் நீதிபதி ஊருக்கே வந்து சர்ச் மண்டபத்தில் விசாரணை நடத்தினார். ஆறு கரையைத் தாண்டவில்லை என்பதற்கு ஊரில் இருந்த ஒரே சாட்சி அர்னில்டோவின் நோட்டுதான். மரங்களிலும் சுவரிலும் இருந்த சேற்றுத் தடத்தை அடுத்த மழை கழுவிவிட்டது. நோட்டு நின்றால் மதகுப் புகாரும் நிற்கும், லூர்தினா செத்ததற்கு ஒருத்தர் பதில் சொல்லியாக வேண்டும். நோட்டு விழுந்தால் மழைமேல் பழியைப் போட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

அர்னில்டோ எழுந்து அரை மணி நேரம் பேசினார். அன்று இரவு ஏழு மணியிலிருந்து மணிக்கொரு தடவை இறங்கி எழுதிய எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மேயரின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு உள்ளுக்குள் குதூகலம், பொய் சொல்வானேன்.

நகராட்சி வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருந்தான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "ஐயா, இந்த நோட்டுல அன்னிக்கு எழுதின ஒவ்வொரு எண்ணும் நீங்க கம்பத்துக்கிட்ட போய் நின்னு பார்த்ததுதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவர் இறங்கினாரா என்று பார்த்தவர் யார்? அர்னில்டோ நோட்டை மூடினார், திரும்பத் திறந்தார். நெரியு உட்கார்ந்திருந்த பக்கம் அவர் பார்க்கவில்லை.

"அஞ்சு மணி எண் மட்டும் இல்ல. முட்டி வீங்கியிருந்துச்சு, படி வழுக்குச்சு. சமையலறை ஜன்னல்லேருந்து பார்த்தேன். தெப்பத் துறையில எந்தப் படி முழுகியிருக்குன்னு பார்த்து, ஏழு எண்பது இருக்கும்னு எழுதினேன்."

வக்கீல் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தான். நோட்டை நம்ப முடியாது என்று நீதிபதி எழுதிவிட்டார். தீர்ப்பில் பன்னிரண்டு தடவை காலநிலை வருகிறது, மதகு ஒரு தடவைகூட வரவில்லை. பாவி மனுஷா, ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அன்று முழுக்க மனசுக்குள் திட்டினேன்.

விசாரணை முடிந்து அவர் மண்டபத்துக்கு வெளியே சுவர் ஓரம் நின்றார். பேச்சுக் கொடுக்க யாரும் போகவில்லை. நெரியு போனான். அடித்துவிடுவானோ என்று பயந்து நானும் பின்னாலேயே போனேன்.

"எட்டு இருந்திருக்குமா, அர்னில்டோ அண்ணே?" என்று கேட்டான்.

"தெரியாது, நெரியு. இனிமே யாருக்கும் தெரியாது."

நெரியு மெதுவாகச் சொன்னான்: "அன்னிக்கு அஞ்சு மணிக்கு உங்க வீட்டு வழியாத்தான் வேலைக்குப் போனேன். நீங்க ஜன்னல்ல நின்னீங்க, பார்த்தேன். ஆத்துக்கு இறங்கலைன்னு எனக்குத் தெரியும். பஸ்ல ரேடியோ ஏழு எண்பதுன்னு சொல்லுச்சு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவளை விட்டுட்டு நேரா போயிட்டேன்."

அர்னில்டோ தொப்பியைக் கழற்றினார். ரேடியோவில் அதை வாசித்த வாய் என்னுடையது.